சுவர்ப் பக்கம் ஒரு கம்பி

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் எல்லா வீட்டாருக்கும்,

எங்கள் கட்டடத்தின் கேட்டிலிருந்து எங்கள் வீட்டுக் கதவுவரை 36 படிகள். எண்ணிச் சொன்னவர் அப்பா. முன்பெல்லாம் அவர் படிகளை எண்ணியதில்லை. கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நாகேஸ்வர ராவ் பூங்காவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, காய்கறிப் பையோடு இரண்டாவது மாடிக்கு ஏறி வருவார். ஏழு வருடங்களுக்கு முன்னால் அவருடைய இடது கைக் கட்டைவிரல் தானாக ஆடத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய் என்றார் நரம்பியல் மருத்துவர். இப்போது அப்பாவுக்கு 77 வயது. ஒவ்வொரு படியையும் எண்ணித்தான் இறங்குகிறார்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு செய்தோம். சிலவற்றை அப்பா விழுந்த பிறகுதான் செய்தோம், அந்த வருத்தம் இருக்கிறது. ஆனால் கதவுக்கு வெளியே எங்களால் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. அந்த இடம் எல்லாருக்கும் பொது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் மாடிப்படிக்குக் கைப்பிடி ஒரு பக்கம்தான். ஏறும்போது அது வலது கைக்கு வரும், இறங்கும்போது இடது கைக்கு. பார்க்கின்சன் நோய் பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். மறுபக்கத்துக்குப் பரவிய பிறகும் முதலில் பிடித்த பக்கமே பொதுவாக அதிகம் பாதிக்கப்பட்டிருக்கும். அப்பாவுக்கு அது இடது பக்கம். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. அந்த நேரத்தில் அவர் நம்ப வேண்டியிருப்பது இறுகிப்போன இடது கையை. சுவர்ப் பக்கம் இன்னொரு கம்பி இருந்தால் வலது கையால் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்.

இதைப் போன வருடம் எங்கள் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தோம். செலவை நாங்களே ஏற்கிறோம் என்றும் எழுதினோம். படி குறுகிவிடும், பீரோ ஏற்ற முடியாது, ஒருவருக்குச் செய்தால் எல்லாரும் கேட்பார்கள் என்று பேச்சு வந்தது. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்கள். அப்படிச் சொன்னவர்கள் ஈரமில்லாதவர்கள் அல்ல. இந்த நோய் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. முதல் இரண்டு வருடம் எங்களுக்கும் தெரியவில்லை. இந்த ஊரில் எத்தனையோ சங்கங்களில் இதே பேச்சு நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் தெரிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

நடுக்குவாதம் என்று தமிழில் சொல்கிறோம். அந்தப் பெயர் நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது. நடுக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, பார்த்தவுடன் பரிதாபம் வருகிறது. ஆனால் ஆளைக் கீழே தள்ளுவது நடுக்கம் அல்ல. உடம்பின் இறுக்கமும், அசைவு மெதுவாகிப் போவதும், சமநிலை தவறுவதும், நடந்துகொண்டே இருக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல உறைந்து நிற்பதும்தான் தள்ளுகின்றன. நடுமூளையில் கருமையான ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்கே டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதுதான் இந்த நோய். நீங்களும் நானும் பேசிக்கொண்டே, சாவியைத் தேடிக்கொண்டே, யோசிக்காமல் நடக்கிறோமே, அந்த யோசிக்காத நடைதான் முதலில் போகிறது. அதன் பிறகு ஒவ்வொரு அடியையும் மனம் வைத்து எடுத்து வைக்க வேண்டும். மனம் கொஞ்சம் விலகினால் கால் நின்றுவிடும், உடம்பு நிற்காது.

இதை முதலில் விவரமாக எழுதியவர் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். 1817-ல் வெளிவந்த அவருடைய சிறு நூலில் ஆறு பேரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த ஆறு பேரில் மூன்று பேர் அவருடைய நோயாளிகளே அல்ல, தெருவில் கண்டவர்கள். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஒரு மனிதர் தெருவில் எப்படி நடக்கிறார் என்று கவனித்துப் பார்த்ததில் இந்த நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது. எங்கள் கட்டடத்தாரும் அப்பாவைத் தினமும் பார்க்கிறார்கள். பார்ப்பதை வேறு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான்.

'உங்க அப்பா முன்ன மாதிரி முகம் கொடுத்துப் பேசறதில்லையே' என்று மூன்றாவது மாடி அக்கா ஒருமுறை கேட்டார். உண்மையில் அவருக்கு முகம்தான் வரவில்லை. இந்த நோயில் முகத் தசைகளும் இறுகிவிடும், சிரிப்பு உள்ளேயே நின்றுவிடும். குரலும் தணிந்துபோகும். வணக்கம் சொல்லியிருப்பார், எதிரில் வருகிறவர் காதுக்கு எட்டியிருக்காது. சாயங்காலம் கேட்டருகே தள்ளாடியதைப் பார்த்துக் குடித்திருக்கிறாரோ என்று புது வாட்ச்மேன் சந்தேகப்பட்டார். அது மாத்திரையின் வேகம் குறைந்த நேரம். நடுராத்திரி எங்கள் வீட்டில் சத்தம் கேட்கிறது என்று கீழ் வீட்டார் வருத்தப்பட்டார்கள். கனவில் ஓடுகிறவர் படுக்கையிலும் ஓடுவார், கத்துவார், கையை வீசுவார். தூக்கத்தில் தசைகளைக் கட்டிவைக்கும் பூட்டு இந்த நோயில் பலருக்குக் கழன்றுவிடுகிறது. நாங்கள் கட்டிலருகே இருந்த கண்ணாடி மேசையை எடுத்துவிட்டோம், கட்டிலின் உயரத்தையும் குறைத்தோம். சத்தத்துக்கு மட்டும் கீழ் வீட்டாரிடம் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டோம். அவர்கள் அன்றிலிருந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வீட்டுக்குள் நாங்கள் செய்ததையும் சொல்கிறேன். உங்கள் கட்டடத்திலும் இப்படி ஒருவர் இருக்கலாம். இன்னும் யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம்.

அப்பா முதல்முறை விழுந்தது சாமி அலமாரிக்கு முன்னால். தினமும் காலையில் விளக்கேற்றி, கற்பூரம் காட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே தன்னைத்தானே மூன்று முறை சுற்றிக்கொள்வார். எத்தனையோ வருடப் பழக்கம். அன்று இரண்டாவது சுற்றில் உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். நின்ற இடத்தில் திரும்புவதுதான் இந்த நோயாளிகளுக்கு மிகவும் ஆபத்தான அசைவு என்று பிசியோதெரபிஸ்ட் பிறகு சொன்னார். திரும்ப வேண்டுமென்றால் கார் யூ டர்ன் எடுப்பதுபோல அகலமாக வளைந்து திரும்ப வேண்டுமாம். பூஜையை நிறுத்திவிடலாம் என்றோம். அப்பா சம்மதிக்கவில்லை. கடைசியில் சாமி அலமாரியைச் சுவரிலிருந்து எடுத்து, கூடத்தின் நடுவில் இருந்த சாப்பாட்டு மேசைமேல் சின்ன மண்டபமாக வைத்தோம். இப்போது மேசையைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி மூன்று முறை வருகிறார். கோயிலில் செய்வதைப் போலவே பிரதட்சிணம். கையில் பிடி இருக்கிறது, வளைவு அகலமாக இருக்கிறது.

அடுத்தது குளியலறை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை அப்பா விட்டதே இல்லை. எண்ணெய் பட்ட பாதம், ஈரத் தரை, குனிந்து வாளியில் தண்ணீர் மொள்ளுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் நல்ல உடம்புக்காரரே வழுக்கி விழுவார். இப்போது எண்ணெயைத் தலைக்கு மட்டும், கட்டிலில் உட்கார்ந்த நிலையிலேயே வைத்துவிடுகிறோம். காலில் ஒரு சொட்டுப் படாது. குளிப்பது ரப்பர் கால் வைத்த உறுதியான நாற்காலியில். வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி உதவாது. வாளியைத் தரையில் வைக்காமல் ஸ்டூல்மேல் வைக்கிறோம், கையில் பிடிக்கும் ஷவரும் பொருத்தியிருக்கிறோம். சுவரில் இடுப்பு உயரத்தில் ஸ்டீல் கைப்பிடி. அதைப் பொருத்த வந்தவர் டைல்ஸில் சின்ன ஸ்குரூ போட்டுவிட்டுப் போகப் பார்த்தார். அப்படிப் போட்டது துண்டின் பாரத்தைத்தான் தாங்கும். விழப்போகிறவர் முழு எடையோடு தொங்குவார். டைல்ஸைத் தாண்டிச் செங்கல்லுக்குள் நீள ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும் என்று நின்று வாங்கினோம். துண்டுக் கம்பிகளையும் கழற்றிவிட்டோம். ஆபத்தில் கை எது அருகில் இருக்கிறதோ அதைப் பிடிக்கும், துண்டுக் கம்பி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

குளியலறைக் கதவு விஷயத்தை எந்த இஞ்சினியரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நம் வீடுகளில் அந்தக் கதவு பெரும்பாலும் உள்பக்கம் திறக்கும். உள்ளே விழுந்தவர் கதவுக்குப் பின்னால் கிடந்தால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. தள்ளினால் அவர்மேல் இடிக்கும். எங்கள் வீட்டில் ஒரு நாள் அப்படி ஆயிற்று. இருபது நிமிடம் கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அப்பா. தச்சரை வரவழைத்துக் கீலை மாற்றி, கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி செய்தோம். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக மாற்றினோம். ஒரு நாள் வேலைதான். வயதானவர்கள் இருக்கும் எல்லா வீட்டிலும் இதை முதலில் செய்யுங்கள்.

உறைந்து நிற்பதற்கு அதிசயமான ஒரு மருந்து உண்டு. கோடு. கதவு நிலை, குறுகலான வழி, கூட்டம், இவற்றில் அப்பாவின் கால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் தரையில் குறுக்கே ஒரு கோடு தெரிந்தால் அதைத் தாண்டிவிடுவார். பிரிட்டிஷ் மருத்துவர் ஜேம்ஸ் பர்டன் மார்ட்டின் 1967-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தானாக வர மறுக்கும் நடை, கண்ணுக்கு ஓர் இலக்கு கிடைத்ததும் வந்துவிடுகிறது. நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. புனேயைச் சேர்ந்த வடிவமைப்பாளர் மிலேஹா சோனேஜியின் குடும்பப் பெரியவர் ஒருவருக்கு இந்த நோய். சமதரையில் நடக்கத் திணறிய அந்த மனிதர், படிக்கட்டில் தடையில்லாமல் இறங்குவதை மிலேஹா கண்டார். உடனே படிக்கட்டுபோலத் தோன்றும் ஓவியத்தை வீட்டுத் தரையில் ஒட்டிவைத்தார். அதன்மேல் அந்தப் பெரியவர் நடந்தார். மிலேஹா அதைச் சொன்ன 2015-ம் வருட உரையை உலகம் முழுவதும் பலர் கேட்டார்கள். நாங்கள் செய்தது அதைவிட எளிது. கட்டிலிலிருந்து குளியலறைவரை, அப்பாவின் ஓர் அடிக்கு ஒன்றாக, எலக்ட்ரீசியன் சுற்றும் சிவப்பு டேப்பைக் குறுக்கே ஒட்டினோம். பளபளக்கும் வெள்ளை டைல்ஸ்மேல் பதினொரு சிவப்புக் கோடுகள். அப்பா முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, 'காவி இழுத்த மாதிரி இருக்கும்மா' என்றார். ராத்திரி அவற்றைக் காட்ட, ஆள் அசைந்தால் எரியும் சின்ன விளக்குகளைச் சுவரின் கீழ்ப்பக்கம் வைத்திருக்கிறோம்.

கண்ணுக்குக் கோடுபோல, காதுக்குத் தாளம். கால் ஒட்டிக்கொண்டால் நான் தொடையில் தட்டி 'தகதிமி, தகதிமி' என்று சொல்வேன். மார்கழிக் கச்சேரிகளில் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டவர் அல்லவா, மூன்றாவது தட்டில் கால் எழுந்துவிடும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. உள்ளிருந்து வர வேண்டிய தாளம் வராதபோது வெளியிலிருந்து கொடுக்கிறோம்.

இன்னும் சில. புரண்டு படுக்க முடியாமல் தவித்தவருக்கு அம்மாவின் பழைய பட்டுப் புடவையை மடித்து இடுப்பு படும் இடத்தில் மட்டும் விரித்தோம், உடம்பு வழுக்கிக்கொண்டு திரும்புகிறது. கட்டிலின் ஓரத்துக்கு அது வரக்கூடாது. தடுக்கிய எட்டுமுழ வேட்டிக்குப் பதிலாகக் கணுக்காலுக்கு மேல் நிற்கும், வெல்க்ரோ ஒட்டிய வேட்டி. கால்மிதிகள் எல்லாம் போய்விட்டன. எழுந்தவுடன் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருப்பார். சிந்தாமல் இருக்கக் காபி அரை டம்ளர்தான், இரண்டு தடவை.

மாத்திரைக்குத்தான் எங்கள் வீட்டில் கடிகாரம். அந்த மாத்திரையில் உள்ள லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறும். பருப்பு, தயிர், பால் போன்ற புரதச் சத்துள்ள உணவோடு போட்டால் அதன் வேலை குறையலாம் என்பதால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுக்கிறோம். அரை மணி தாமதமானால்கூட அப்பா விழக்கூடிய நேரம் ஒன்று உருவாகிவிடுகிறது. பூனைக்காலி விதைப் பொடி நல்லது என்று அக்கம்பக்கத்தார் சிலர் அக்கறையோடு சொன்னார்கள். அந்த விதையில் இருப்பதும் லெவோடோபாதான். அதனாலேயே மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது, அளவு கூடிவிடும்.

மோப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நடுக்கம் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே இந்த நோயாளிகள் பலருக்கு வாசனை தெரியாமல் போய்விடுகிறது. அப்பா தனியாக இருந்த ஒரு பிற்பகல், பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது, கேஸ் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தவருக்குத் தெரியவில்லை. மாடிப்படியில் போன எதிர்வீட்டுப் பையனுக்கு வாடை தெரிந்து கதவைத் தட்டினான். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். இப்போது தீ அணைந்தால் கேஸ் தானாக நிற்கும் அடுப்பு வாங்கிவிட்டோம். ஆனாலும் அக்கம்பக்கத்தாரின் மூக்கை நாங்கள் இன்னமும் நம்பியிருக்கிறோம். எந்த வீட்டிலிருந்து வாடை வந்தாலும் தட்டுங்கள்.

இவ்வளவையும் செய்த பிறகு அப்பாவுக்கு ஆபத்து எங்கே மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால், கதவைத் திறந்தவுடன் இருக்கிறது. நாங்கள் சீர்செய்த வீடு நிலைப்படியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டாரின் செருப்பு ஸ்டாண்டு, எரியாத பல்பு, சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று கலந்து தெரியும் கிரானைட் படிகள், கீழே கைப்பிடி முடிந்த பிறகும் இன்னொரு படி, அதைத் தாண்டினால் நெருக்கமாக நிறுத்திய ஸ்கூட்டர்கள். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இந்த நோயுள்ள பத்துப் பேரில் சுமார் ஆறு பேர் ஒரு வருடத்துக்குள் ஒரு தடவையாவது விழுகிறார்கள். சுமார் நான்கு பேர் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். விழுந்த பயத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்துகொண்டால் கால் இன்னும் வேகமாக இறுகும். நடைதான் மருந்தில் பாதி. மாடிப்படி பயம் காட்டினால் அந்தப் பாதி மருந்து போய்விடும்.

மூளைச் சிகிச்சையில் பெயர் பெற்ற ஊர் நம்முடையது. 1950-ல் அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் ராமமூர்த்தி நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். அவரும் பாலசுப்பிரமணியமும், நம் நாட்டின் முதல் பெண் நரம்பறுவை மருத்துவர்களில் ஒருவரான கனகாவும் 1960-களிலேயே மூளையின் ஆழத்தில் துல்லியமாகக் குறிவைத்துச் செய்யும் அறுவை சிகிச்சையை இங்கே வளர்த்தார்கள். இன்று மூளைக்குள் மின்முனை பொருத்தும் சிகிச்சையும் இந்த ஊரில் கிடைக்கிறது. ஆனால் மருத்துவமனையிலிருந்து ஆட்டோவில் திரும்பி வருகிறவர் ஒற்றைக் கம்பி உள்ள படியில் ஏற வேண்டியிருக்கிறது.

அதனால் நான் கேட்பது இவைதான். முதலில் சுவர்ப் பக்கம் கம்பி, அது கடைசிப் படியையும் தாண்டி ஒரு சாண் நீண்டிருக்க வேண்டும். சுவரிலிருந்து மூன்று நான்கு அங்குலம்தான் வெளியே நிற்கும், பீரோ போகும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்தில் மஞ்சள் பெயின்ட். பெயின்டருக்கு அரை நாள் வேலை, ஆனால் மேலே சொன்ன சிவப்புக் கோடு செய்கிற வேலையை அது செய்யும். மங்கலான வெளிச்சத்தில் நிறம் பிரித்துப் பார்க்கும் திறன் இந்த நோயாளிகளுக்குக் குறைவு. ஆள் வந்தால் எரியும் விளக்கு. படிகளின் திருப்பத்தில் உட்கார ஒரு சின்னப் பலகை. செருப்பு ஸ்டாண்டும் பூந்தொட்டியும் அவரவர் வீட்டுக்குள்.

லிஃப்ட் உள்ள கட்டடமானால், கதவு மூடும் நேரத்தைக் கூட்டச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். லிஃப்ட் வாசலில் இருக்கும் இடைவெளியைக் கண்டதும் கால் உறைந்துவிடும், மூடும் கதவு வந்து இடித்தால் பதறி விழுவார்கள். கரண்ட் போனால் பக்கத்துத் தளத்துக்குப் போய்க் கதவைத் திறந்துவிடும் கருவியையும் பொருத்தலாம். நுழைவாயிலில் சாய்தளம் அமைத்தால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அமைத்த பிறகு படியை இடித்துவிடாதீர்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும். பார்க்கின்சன் உள்ளவருக்குச் சரிவில் அடிகள் தாமாக வேகமெடுத்து முன்னால் விழவைக்கும், அவர்களில் பலருக்குக் கைப்பிடியுள்ள படியே பத்திரம்.

வாட்ச்மேனுக்கும் கூரியர் கொண்டுவரும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். காலிங் பெல்லைத் திரும்பத் திரும்ப அடித்தால் அப்பாவைப் போன்றவர்கள் அவசரப்படுவார்கள், அவசரம்தான் அவர்களைக் கீழே தள்ளும். ஒரு தடவை அடித்துவிட்டுக் காத்திருக்கட்டும். படியில் உறைந்து நிற்கிறவரைப் பார்த்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்னாலிருந்து பேசாதீர்கள். பக்கத்தில் நின்று, 'அவசரம் இல்லைய்யா' என்று சொல்லுங்கள். உடம்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசாகச் சாய்க்கச் சொல்லுங்கள். உங்கள் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்து, இதைத் தாண்டுங்கள் என்று சொன்னாலும் போதும். நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். பதில் சொல்ல நினைத்தால் கால் நின்றுவிடும். நலம் விசாரிப்பதை அவர் உட்கார்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பொறுத்திருந்தால் நன்றாகப் பேசுவார்.

மழைக்காலத்துக்கும் ஒரு திட்டம் தேவை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளுக்குள் புகுந்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இருளில் கிடந்ததையும் நாம் மறக்கவில்லை. அந்த 2023 மழையில் அப்பாவின் மாத்திரை இரண்டு வேளைக்குத்தான் இருந்தது. லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் மாடித் தம்பி முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் மூன்று கடை ஏறி வாங்கிவந்தார். இப்போது அக்டோபர் பிறந்ததுமே ஒரு மாத மாத்திரையை வாங்கி வைத்துவிடுகிறோம். எந்த வீட்டில் யாருக்குப் படியிறங்க உதவி தேவை, என்ன மருந்து என்று அவர்கள் சம்மதத்தோடு எழுதிய ஒரு தாள் செயலாளரிடம் இருக்கட்டும். 108 ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது அதைக் கொடுத்தால் போதும். வாந்தியை நிறுத்தப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசி இந்த நோயை மோசமாக்கும் என்பதையும் அதில் எழுதி வையுங்கள்.

பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் எங்கள் மயிலாப்பூரிலும் ஒவ்வொன்றாக இடிபட்டுப் புதிதாக எழும்புகின்றன. பில்டரிடம் கையெழுத்துப் போடும் முன் கார் நிறுத்தத்தையும் சதுர அடியையும் பேசுகிறோம். குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், அதன் வாசலில் மேடு இருக்குமா, படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டா என்று அன்றே கேட்டுவிட்டால் பிறகு இடிக்க வேண்டியதில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அது பட்டியலிட்ட 21 வகைக் குறைபாடுகளில், நாள்பட்ட நரம்பு நோய்களின் கீழ், பார்க்கின்சன் நோயின் பெயர் வெளிப்படையாகவே இருக்கிறது. சட்டத்தைக் காட்டி உங்களிடம் வாதாட எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் இது ஒரு வீட்டாரின் தனிப்பட்ட சலுகை என்று இனி யாரும் கூட்டத்தில் சொல்ல வேண்டாம். எல்லாரும் கேட்பார்கள் என்றார்கள். கேட்கட்டும். முழங்கால் வலியுள்ள அம்மாவும், நிறைமாதக் கர்ப்பிணியும், காலில் கட்டுப்போட்ட கல்லூரிப் பிள்ளையும் அதே கம்பியைத்தான் பிடிக்கப்போகிறார்கள்.

அப்பா இன்றும் காலை ஆறரைக்கு மாத்திரை போட்டுவிட்டு, அது வேலை செய்யத் தொடங்கும்வரை காத்திருந்து, ஏழே காலுக்குக் கதவைத் திறந்தார். நான் அவருக்கு ஒரு படி கீழே, அவர் முகத்தைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே இறங்கினேன். இடது கை கம்பியில், வலது கை என் தோளில். 36 படிக்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று. நான் ஊரில் இல்லாத நாட்களில் அவர் கீழே இறங்குவதில்லை.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டம் எந்த மாதம் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாள், உங்கள் கட்டடத்தின் மாடிப்படியில், இடது கையை மட்டும் பயன்படுத்தி மேலிருந்து கீழே ஒருமுறை இறங்கிப் பாருங்கள். பிறகு சுவர்ப் பக்கக் கம்பியை நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக வையுங்கள்.

இப்படிக்கு,
மயிலாப்பூரில், இரண்டாவது மாடியில் வசிக்கும் ஒரு மகள்